யாரும் இல்லாதபோது மட்டும் பேசும் பறவை

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் பொற்றாமரைக் குளத்தை அடுத்துக் கிளிக்கூட்டு மண்டபம் என்றொரு மண்டபம் இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். முன்னாளில் அங்கே கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டன. வருவோர் போவோர் செவிகுளிர, ‘மீனாட்சி, மீனாட்சி’ என்று அவை அழைத்துக்கொண்டிருக்கும். அன்னை மீனாட்சியின் கரத்திலும் கிளி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கரத்திற்கென்று இலைகளாலும் மாதுளம்பூ அலகாலும் நாள்தோறும் புதிய கிளி ஒன்று செய்யப்படுகிறது. திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளி வடிவில் வீற்றிருந்த இடமென்று கிளிக்கோபுரத்தைக் காட்டுகிறார்கள். தான் கற்பித்த திருநாமங்களைத் தனக்கே திருப்பிச் சொன்ன கிளியைக் கைகூப்பித் தொழும் நாயகியைத் திருமங்கையாழ்வார் திருநெடுந்தாண்டகத்தில் படைத்திருக்கிறார். பறவையின் வாயிலிருந்து இறைவன் பெயரைக் கேட்கும் ஆசை நம்மிடையே இவ்வளவு பழைமையானது.

இன்றும் அந்த ஆசை பல இல்லங்களில் உயிரோடு இருக்கிறது. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படும் பேரப்பிள்ளைகள், ‘தாத்தாவுக்கும் பாட்டிக்கும் துணையாக இருக்கட்டும்’ என்று ஒரு சிறு பறவையைக் கூண்டோடு விட்டுச் செல்கிறார்கள். பாட்டி அதற்குப் பொறுமையாக ‘முருகா’ என்று சொல்லிக் கொடுக்கிறார். சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில், அவர் அடுத்த அறையில் இருக்கும்போது, கூண்டிலிருந்து மெல்லியதாக ‘முருகா’ என்று கேட்கிறது. அவருக்கு உண்டாகும் ஆனந்தத்துக்கு அளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வந்து கூண்டைச் சூழ்ந்துகொண்டு, ‘எங்கே, பேசச் சொல்லுங்கள் பார்ப்போம்’ என்றால், பறவை மூலையில் ஒடுங்கி வாயடைத்து நிற்கிறது. ‘பாட்டிக்கு அப்படிக் காதில் கேட்டிருக்கும்’ என்று யாரோ சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பாட்டியின் முகம் வாடிவிடுகிறது.

பாட்டி சொன்னது பொய்யன்று. பறவை பேசியது உண்மை; ஆட்கள் முன்னிலையில் பேசாததும் அதன் இயல்பே. அந்த இயல்பைப் புரிந்துகொண்டால், கூச்சமுள்ள பறவையையும் சிறிது சிறிதாகப் பிறர் முன்னிலையில் வாய் திறக்கப் பழக்கலாம்.

எந்தப் பறவையை வளர்க்கலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்த் தோப்புகளிலும் கோபுரங்களிலும் வாழும் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளையும் மலை மைனாவையும் பாதுகாக்கிறது. பொந்திலிருந்து குஞ்சைப் பிடித்து வந்து யாரேனும் விற்றால் அன்பர்கள் வாங்கக்கூடாது. முன்பே வீட்டில் அத்தகைய கிளி இருந்தால், கதவைத் திறந்து வெறுமனே பறக்க விட்டுவிடாமல், வனத்துறையினரிடம் தெரிவித்து ஒப்படைப்பதே முறை. கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் பகைக்குத் தப்பவும் தெரியாது.

வீடுகளில் வளர்க்க இசைந்தவை, கூண்டுகளிலேயே பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த வெளிநாட்டு இனங்கள். நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறு வண்ணக் கிளிகள் பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியப் பறவைகளே. தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்பொட்டும் உடைய, கடைக்காரர்கள் ‘காக்டெயில்’ என்று சொல்லும் காக்கட்டீலும் அந்நாட்டதே. சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி போன்ற சில இனங்களை வைத்திருக்க அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

பட்ஜெரிகர் உருவத்தில் சிறியதாயினும் பேச்சில் பெரியது. கலிஃபோர்னியாவில் வாழ்ந்து 1994-ஆம் ஆண்டில் இறந்த ‘பக்’ என்னும் பட்ஜெரிகர் 1,728 சொற்களை அறிந்திருந்தது என்று கின்னஸ் சாதனைப் பதிவு கூறுகிறது. எல்லாப் பறவையும் அப்படியாகிவிடாது. பொதுவாக ஆண் பறவைகளே மிகுதியாகப் பேசும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் பட்ஜெரிகருக்கு அலகின் மேலுள்ள சதைப்பகுதி பெரும்பாலும் நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். சில நிற வகைகளில் இந்த அடையாளம் மாறுவதும் உண்டு. காக்கட்டீல் சொற்களைக் காட்டிலும் சீழ்க்கை இசையையே விரும்பிக் கற்கும்.

ஏன் இந்த மௌனம்?

கிளியினம் பிற உயிர்களுக்கு இரையாகும் இனம். திறந்த வெளியில் பருந்தோ வல்லூறோ தென்பட்டால் கூட்டம் முழுவதும் ஓசையடங்கிவிடும். அசையாமலும் ஒலிக்காமலும் இருப்பதே அவற்றுக்குக் காப்பு. ஆகவே அறிமுகமில்லாத முகங்கள் கூண்டை நெருங்கும்போது பறவை வாயை மூடிக்கொள்வது பிடிவாதத்தால் அன்று, உயிரச்சத்தால்.

நம் கண்கள் முகத்தின் முன்புறம் இருப்பவை. வேட்டையாடும் விலங்குகளின் கண்களும் அப்படியே. பக்கவாட்டில் கண்கள் அமைந்த சிறு பறவைக்கு, இரண்டு கண்களாலும் தன்னை உற்று நோக்கும் பெரிய முகம் இரைதேடி வந்ததாகவே தோன்றும். நான்கு பேர் சூழ்ந்து நின்று உற்றுப் பார்த்து, உரத்த குரலில் ‘சொல்லு, சொல்லு’ என்றால் அந்தச் சிறு நெஞ்சம் என்ன பாடுபடும்!

அதே பறவை தனிமையில் ஏன் பேசுகிறது? பட்ஜெரிகர் கூட்டமாக வாழும் பறவை. ஒன்றையொன்று காணாதபோது, ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுபோல் அழைப்பொலி எழுப்பும். கூட்டத்தில் சேர்ந்த பறவைகள் ஒன்றின் அழைப்பொலியை மற்றொன்று பழகிக்கொள்வதையும், ஆண் பறவை தன் துணையின் ஒலியைக் கற்றுக்கொள்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பறவைக்கு நம்மைப்போன்ற குரல்நாண்கள் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள உறுப்பிலிருந்தே அதன் குரல் பிறக்கிறது. அதைக்கொண்டு நம் சொல்லைப் போலச் செய்கிறதென்றால், நம்மைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டது என்றே பொருள். பாட்டி அடுத்த அறைக்குச் சென்றபின் எழும் ‘முருகா’, ‘எங்கே போனாய்?’ என்ற அழைப்பாகவும் இருக்கலாம்.

படிப்படியாகப் பழக்கும் முறை

முதற்படி, இடம். கூண்டு நடுக்கூடத்தில், ஒரு புறமேனும் சுவர் இருக்கும்படி, நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். நாற்புறமும் திறந்திருந்தால் எங்கிருந்து ஆபத்து வருமோ என்று பறவை ஓயாமல் அஞ்சும். நேர் வெயிலும் குளிர்சாதனக் காற்றும் படக்கூடாது. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி நள்ளிரவு வரை ஓடும் கூடத்தில் உறங்காத பறவை பகலில் பேசாது. புதிதாக வந்த பறவையை ஓரிரு வாரங்கள் எதுவும் கற்பிக்க முயலாமல் இடத்தோடு பழக விடவேண்டும்.

இரண்டாவது, உடனிருத்தல். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில், கூண்டிலிருந்து சில அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் திரும்பி அமருங்கள். பறவையைப் பார்க்க வேண்டா. நீங்கள் வழக்கமாகச் செய்யும் பாராயணத்தை மெல்லிய குரலில் அங்கே அமர்ந்து செய்தாலே போதும். சீரான குரல் பறவையின் அச்சத்தைத் தணிக்கும். பெரியவர்களுக்குள்ள பெரும்பேறு இதுதான். இளையவர்களுக்கு இல்லாத நேரமும் நிதானமும் அவர்களிடம் உண்டு.

மூன்றாவது, கையின் மீது நம்பிக்கை. தினைக்கதிர் ஒன்றைக் கம்பிகளினூடே நீட்டி அசையாமல் பிடித்திருங்கள். முதல்நாள் பறவை விலகும். பின்னொரு நாள் தலையை நீட்டிக் கொத்தும். கொத்தமல்லித் தழையையும் பல பறவைகள் விரும்பும். பறவையை எக்காரணத்துக்காகவும் துரத்திப் பிடிக்கக்கூடாது. ஒருமுறை பிடித்தால் பல வாரங்களின் நம்பிக்கை கலைந்துவிடும்.

நான்காவது, சொல். ஒரே ஒரு சிறு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ‘முருகா’, ‘ராமா’, ‘அம்மா’ எதுவாயினும் ஆகட்டும். அதை ஒரே தொனியில், ஒரே வேளையோடு சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் கூண்டின் திரையை விலக்கும்போது ஒருமுறை, தீனி வைக்கும்போது ஒருமுறை என்று நிகழ்ச்சியோடு இணைந்த சொல் விரைவில் பதியும். பறவை முதலில் முணுமுணுக்கும். உருத்தெரியாத அந்த முணுமுணுப்பே அதன் பயிற்சி. அப்போது அருகில் ஓடிச்சென்று ஆரவாரம் செய்யாமல், இருந்த இடத்திலிருந்தே அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். முதற்சொல் வரச் சில மாதங்கள் ஆகலாம்.

ஐந்தாவது, மற்றொருவர். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியான ‘அலெக்ஸ்’ நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்று, 2007-ஆம் ஆண்டில் மறைந்தது. அதற்குக் கற்பித்த அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் கையாண்ட முறை எளியது. பறவையின் முன்னே இருவர் பேசிக்கொள்வார்கள். ஒருவர் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார். மற்றவர் சரியாகச் சொன்னால் அப்பொருளைப் பெறுவார். பார்த்துக்கொண்டிருக்கும் பறவைக்குத் தானும் சொல்ல ஆவல் பிறக்கும். ஒலிநாடாவைப் போட்டுவிட்டுப் போனதால் அவருடைய கிளிகள் அவ்வாறு கற்கவில்லை. ஆகவே கைப்பேசியில் ஒரே சொல்லை ஓடவிட்டு வேறு வேலைக்குச் செல்வதில் பெரும்பயன் இல்லை. தாத்தாவும் பாட்டியும் கூண்டருகே அமர்ந்து, ‘முருகா’ என்று ஒருவர் அழைக்க, மற்றவர் ‘முருகா’ என்று மறுமொழி சொல்லி ஒரு துண்டுப் பழத்தைப் பெற்றுக்கொள்ளட்டும். ஒருவர் முன்னிலையில் மட்டும் பேசிய பறவை இருவர் முன்னிலையில் பேசப் பழகும் வழியும் இதுவே.

ஆறாவது, விருந்தினர். ஒரு வேளைக்கு ஒருவர் என்று தொடங்குங்கள். வருபவர் கூண்டினருகே செல்லாமல், பறவையைப் பாராமல், அறையின் மறுபக்கம் அமர்ந்து உங்களோடு தாழ்ந்த குரலில் உரையாடட்டும். பறவை உடலை ஒடுக்கி, இறகுகளை இறுக்கி, நீண்டு நிமிர்ந்து நின்றால் அஞ்சுகிறது என்று பொருள். அவர் இன்னும் தள்ளி அமர வேண்டும். இறகைச் சிலிர்த்து உதறினால், கோதத் தொடங்கினால், ஒற்றைக்காலில் நின்றால், அலகை மெல்ல அரைத்தால் அதன் மனம் அமைதியடைந்தது என்று பொருள். அந்நிலையில் ஒரு சிறு கீச்சொலி எழுப்பினாலும் போதும். உடனே அதற்குப் பிடித்த தீனியை நீட்டுங்கள். ‘சொல்லைச் சொன்னால்தான் பரிசு’ என்று காத்திராமல், பிறர் இருக்கையில் வாய் திறந்ததற்கே பரிசு தரவேண்டும். அடுத்தடுத்த வருகைகளில் அந்த விருந்தினரே தினைக்கதிரை நீட்டலாம். சொல் தானாகவே பின்தொடரும்.

பேரப்பிள்ளைகள் வரும்போதும் அவர்களுக்கு இதனை விளையாட்டாகவே கற்பிக்கலாம்: ‘பறவையைப் பார்க்காமலே அதைப் பேசவைப்பவருக்கு வெல்லச்சீடை!’ அதற்கிடையில், பறவை தனிமையில் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவதில் தவறில்லை. பாட்டியின் சொல்லுக்கு அதுவே சான்றாகும். பறவையைப் பரீட்சைக்கு நிறுத்த வேண்டிய அவசரமும் நீங்கும்.

செய்யத் தகாதவை

நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் கூண்டுக்கிளியைப் பற்றிச் சொல்கிறாள். எந்நேரமும் கண்ணனின் திருநாமத்தையே அது சொல்லி அழைக்கிறதாம். உணவு தராமல் தண்டித்தாலோ இன்னும் உரக்க வேறொரு திருநாமத்தைக் கூவுகிறதாம். பிரிவாற்றாமையில் அவள் பாடிய பாசுரம் அது. ஆனால் நம் வீட்டில் பசியைக் காட்டிப் பறவையைப் பழக்குவது பாவமும் ஆபத்தும் ஆகும். சிறு பறவை ஒரே நாள் உண்ணாதிருந்தாலும் உயிருக்கே கேடு நேரலாம்.

மிளகாய் கொடுத்தால் கிளி பேசும் என்பது வழக்கில் உள்ள நம்பிக்கை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. ஆகவே அது கெடுதலும் செய்யாது, பேச்சையும் தராது. நாக்கைச் சுரண்டுவதும் அறுப்பதும் கொடுமை. குரல் பிறப்பது நெஞ்சுக்கூட்டினுள். நாக்கைப் புண்படுத்துவதால் பேச்சு வராது. பகலில் கூண்டை மூடி இருட்டில் வைத்துக் கற்பிப்பதும் வேண்டா.

வேறொரு பறவையைத் துணைக்கு வைத்தால் பேசுமா என்று கேட்பவர் உண்டு. இரண்டு இருந்தால் அவை தம்முள் பேசிக்கொண்டு நம் மொழியை அவ்வளவாக நாடா. ஒன்றே இருந்தால் நம்மோடு மிகுதியாகப் பேசும். ஆனால் நாம் நாளில் பல மணி நேரம் அதற்குத் துணையிருக்க வேண்டும். நாள் முழுதும் வீடு பூட்டிக் கிடக்குமானால், பேச்சைக் கருதாமல் இணையாக வளர்ப்பதே அறம்.

பூசை வீட்டினர் கவனத்துக்கு

பறவையின் நுரையீரல் மிக மென்மையானது. சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றின் புகை நமக்கு மணம், அதற்கோ மூச்சுத்திணறல். ஆகவே பூசையறைக்கும் சமையலறைக்கும் தொலைவில் கூண்டு இருக்கட்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். கூண்டைத் திறந்து உலவவிடும்போது மின்விசிறி நின்றிருக்க வேண்டும்; சன்னல்கள் மூடியிருக்க வேண்டும். தீபாவளி வெடிச்சத்தத்தில் பறவை கூண்டுக்குள் மோதிக் காயமடையும். அன்று உள்ளறையில் வைத்து அருகிலிருங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, வெங்காயம் ஆகியவை அதற்கு நஞ்சு. பிரசாதமாயினும் உப்பும் நெய்யும் இனிப்பும் கலந்தவற்றை ஊட்டலாகாது.

வழக்கமாகப் பேசிய பறவை திடீரென வாயடங்கினால் அதைக் கூச்சம் என்று எண்ணிவிடக்கூடாது. இறகைப் பந்துபோல் உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் அமர்வது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, எச்சத்தின் நிறம் மாறுவது ஆகியவை நோயின் அறிகுறிகள். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலும் உண்டு. முதியோருக்கு அது கடுமையாகலாம். எச்சத்தை நீர் தெளித்து நனைத்தபின் துடையுங்கள். காய்ந்ததைச் சுரண்டித் தூசி எழுப்ப வேண்டா. பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உங்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேட்பவரைத் தேடிய கிளி

இவ்வளவும் செய்தும் சில பறவைகள் பிறர் முன்னிலையில் ஒரு நாளும் பேசாமலே இருந்துவிடும். அதனால் அன்பு வீணாயிற்று என்று எண்ண வேண்டா. அச்சத்தால் மூலையில் ஒடுங்கிய ஓர் உயிர், இன்று நம் கையிலிருந்து தினையைக் கொத்துகிறதென்றால் அதுவே பெரும் பேச்சு.

கிளியின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர் சுகப்பிரம்ம மகரிஷி. ஸ்ரீமத் பாகவதம் அவரை எப்படி அறிமுகப்படுத்துகிறது தெரியுமா? காண்போருக்கு அவர் ஊமையைப் போலவும் மந்தரைப் போலவும் தோன்றினார். இல்லறத்தார் வாசலில் ஒரு பசுவைக் கறக்கும் நேரத்துக்கு மேல் நிற்கமாட்டார். அத்தகையவர் கங்கைக் கரைக்கு வந்தார். ஏழே நாள் ஆயுள் எஞ்சியிருந்த பரீட்சித்து மன்னன், உண்ணாநோன்பிருந்து, வேறெதையும் விரும்பாமல், கேட்பதற்காகவே அங்கே அமர்ந்திருந்தான். அவன் வணங்கிக் கேட்டான். அந்த மௌனியின் வாயிலிருந்து பாகவதம் முழுவதும் பெருகி வந்தது.

பேசுவதற்கு ஒருவர் வேண்டுமாயின், முதலில் அமைதியாகக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். இது கூண்டிலுள்ள பறவைக்கு மட்டும் பொருந்துவதன்று. திண்ணையில் தனித்திருக்கும் முதியவருக்கும், வாயடைத்துப்போன பேரக்குழந்தைக்கும் பொருந்தும். நாளை காலை கூண்டின் திரையை விலக்கி, ஒரு திருநாமத்தைச் சொல்லிவிட்டுச் சற்றே காத்திருங்கள். மறுமொழி வந்தாலும் வராவிட்டாலும், அந்தத் திருநாமம் உங்கள் நாவில் ஒருமுறை கூடுதலாக ஒலித்த புண்ணியம் உங்களுக்கு உண்டு.